எச்.ஐ.வி.: மருந்து மட்டும் இருந்தால் போதுமா?

எய்ட்ஸ் என்றால் மரணம் என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு காலத்து உண்மை. இன்று தினமும் ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் எச்.ஐ.வி. நோயாளி மற்றவர்களைப் போலவே பல ஆண்டுகள் வாழலாம். ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அது இன்னொருவருக்குப் பரவுவதும் இல்லை. அப்படியானால் 2024-ல் மட்டும் உலகில் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் ஏன் இறந்தார்கள்?

பதில் வேண்டுமானால் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மட்டும் சுமார் 80 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. உள்ளது. வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. பக்கத்தில் இருக்கும் எஸ்வாத்தினி (பழைய சுவாசிலாந்து) ஒரு குட்டி நாடு. அங்கே பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி!

மறுத்ததற்குக் கொடுத்த விலை

2000-ம் ஆண்டு டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. பிறக்கும்போதே எச்.ஐ.வி.யுடன் பிறந்த 11 வயதுச் சிறுவன் இன்கோசி ஜான்சன் மேடையேறி, கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள் என்று அரசைக் கேட்டான். அதே மேடையில் பேசிய அதிபர் தாபோ இம்பெக்கியோ, எல்லாவற்றுக்கும் ஒரு கிருமியைக் குறை சொல்ல முடியாது என்ற ரீதியில் பேசினார். அடுத்த ஆண்டு அந்தச் சிறுவன் இறந்துபோனான். சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வைக்க, மக்கள் அமைப்பு ஒன்று அரசியல் சாசன நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2002-ல் தீர்ப்பு வந்தது. இந்தத் தாமதத்தால் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள்.

அதே 2002-ல் பக்கத்து நாடான போட்ஸ்வானா என்ன செய்தது? ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக அரசு செலவில் எல்லோருக்கும் சிகிச்சை தரும் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு நாடுகளுக்கும் ஒரே கிருமிதான். வேறுபட்டது தலைமைதான்.

விலை குறைந்த கதை

அப்போது ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. 2001-ல் இந்தியாவின் சிப்ளா நிறுவனம், தொண்டு நிறுவனத்துக்கு அதே கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நிலைமையே மாறிப்போனது. 2003-ல் அமெரிக்காவும் பெப்ஃபார் திட்டத்தின் மூலம் பெரும் பணத்தைக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவும் கடைசியில் வழிக்கு வந்தது. இன்று அங்கே சுமார் 60 லட்சம் பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள். 2000-களின் நடுவில் 55-க்கும் கீழே விழுந்த சராசரி ஆயுள் இப்போது 65-ஐத் தாண்டிவிட்டது.

இப்போது என்ன ஆபத்து?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்திவைத்தது. தென்னாப்பிரிக்கா மருந்தைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குவதால் ஓரளவு தப்பியது. ஆனாலும் பரிசோதனை செய்பவர்கள், மருந்தைப் பாதியில் விட்டவர்களைத் தேடிப் போகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பணியாளர்கள் வேலை இழந்தார்கள். மொசாம்பிக் போன்ற ஏழை நாடுகளின் பாடு இன்னும் மோசம்.

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருகும். பிறருக்குப் பரவும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம். ஆக, ஓர் அலுவலகத்தில் போடும் கையெழுத்து எங்கோ ஒரு கிராமத்துப் பெண்ணின் ரத்தத்தில் கிருமியாகத் திரும்பி வருகிறது. சகாராவுக்குத் தெற்கே புதிதாகத் தொற்று ஏற்படுபவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் பெண்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

உதவி தருபவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. தங்கள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-ல் அபுஜாவில் உறுதி கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதைக் காப்பாற்றவில்லை. அடுத்தவர் பணத்தில் ஓடும் சிகிச்சை, அடுத்தவர் மனம் மாறும் வரைதான் ஓடும்.

நல்ல செய்தியும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில், இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,000-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. 2027 முதல் இந்திய நிறுவனங்கள் இதை ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன.

விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது. இந்த ஊசியாவது 2000-ம் ஆண்டின் மாத்திரையைப் போலக் காத்திருக்காமல், தேவைப்படும் பெண்ணின் கைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அது ஆட்சியில் இருப்பவர்களின் பொறுப்பு.