கடலுக்குக் கிழமைக் கணக்கு இல்லை

‘விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும்’ என்பது பழமொழி. இந்நாளில் இதனை அதிகமாக எடுத்தாள்பவர்கள், மாதம் முடிந்ததும் தவறாது சம்பளம் பெறுகின்ற கனவான்களே. வீட்டுக்காகப் பட்ட கடனையும் அடைத்து, குடும்பத்தையும் குறைவின்றி நடத்துவது எப்படி என்று அவர்கள் ஏழை மக்களுக்குப் பாடம் புகட்டுகின்றனர். வரவு செலவுக் கொப்பி ஒன்று வைத்துக்கொள்; முதலில் தவணைப் பணத்தை ஒதுக்கு; பிறகு அரிசியும் மாவும் சீனியும் வாங்கு; எஞ்சியதைச் சேமி. இதுதான் அந்தப் பாடம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னார்க் கரைக்கு வந்து சேரும்போது இப்பாடத்தின் முதல் வரியே பொய்யாகிப் போகிறது. ‘வரவு’ என்ற பத்தியில் எதை எழுதுவது?

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் இறங்க விடாது. காற்றின் போக்கை அறிந்து, வள்ளத்தையும் வலையையும் இடம் மாற்றி, வாடி அமைத்துத் தொழில் செய்பவர்கள் நம் கடற்றொழிலாளர். ஒரு நாள் வலை நிறையும். மூன்று நாள் எண்ணெய்ச் செலவுக்கும் காணாது. உள்நாட்டுப் பக்கம் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிப்பவனுக்கோ, அறுவடைக்குப் பின்னரே காசு முகம் தெரியும். கடலும் வயலும் பருவத்தைப் பார்த்துக் கொடுக்கின்றன. கடன் கொடுத்தவனோ கிழமையைப் பார்த்துக் கேட்கிறான். மன்னாரின் குடும்பத் துயரத்துக்கு வேர் இந்த முரண்பாட்டிலே இருக்கிறது. இல்லத்தரசியின் ஊதாரித்தனத்திலே அன்று.

இக்கடன் எப்படி வந்தது என்பதையும் சற்று நினைவுகூர வேண்டும். 2009-இல் போர் ஓய்ந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் கூரையற்று நின்றன. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், இருபது ஆண்டுகள் கழித்து முசலியிலும் ஏனைய ஊர்களிலும் பற்றை மூடிக் கிடந்த காணிகளுக்குத் திரும்பினர். இந்திய அரசு 50,000 வீடுகளுக்கான உதவியை 2010-இல் அறிவித்தது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபாய் வழங்கப்பட்டது. வீட்டை உரியவரே கட்டிக்கொள்ள வேண்டும். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முன்னேற முன்னேறப் பணம் கட்டங்கட்டமாக வரும். அவ்வுதவியை நாம் குறைத்துப் பேசவில்லை; ஓலைக் குடிசையில் மழையைத் தாங்கியவர்கள் அதன் அருமையை அறிவார்கள். ஆனால் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியபோது மணலும் சீமெந்தும் கூலியும் விலை ஏறின. கொடுத்த பணம் பலருக்குக் கூரை மட்டத்தோடு தீர்ந்தது. அடுத்த கட்டப் பணம் வர வேண்டுமானால் இந்தக் கட்டத்தை முடித்தாக வேண்டும். கழுத்தில் கிடந்த சங்கிலி அடைவுக்குப் போயிற்று. அதுவும் போதாதபோது கடன் கொடுக்கும் கம்பனி படலையைத் தேடி வந்தது.

முன்னாளில் கடன் என்றால் ஈடு வேண்டும். நம் வடபகுதியின் தேசவழமை, ‘ஒற்றி’ என்ற முறையை அறிந்திருந்தது. கடன் கொடுத்தவன் காணியை எடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பான்; பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். அதிலும் அநீதி இருந்தது. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவன், பிடித்த மீனை அவன் சொன்ன விலைக்கே விட்டுக்கொடுக்க நேர்ந்ததும் நமக்குத் தெரியும். அந்நாட்களை நாம் பொற்காலம் என்று போற்ற வரவில்லை. ஆனால் வலை வெறுமையாக வந்த நாளில் சம்மாட்டியும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருந்தது. வயல் விளையாத ஆண்டில் ஒற்றிக்காரனுக்கும் விளைவு இல்லை. நட்டத்தில் ஒரு பங்காவது கடன் கொடுத்தவன் தலையில் விழுந்தது.

இன்றைய நுண்கடன் ஈடு கேட்பதில்லை என்று பெருமை பேசுகிறார்கள். போரில் உறுதியைத் தொலைத்தவர்கள், அனுமதிப் பத்திரக் காணியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வங்கி வாசல் எளிதில் திறக்காதபோது, ஈடில்லாக் கடன் வரப்பிரசாதம் போலத் தோன்றுகிறது. ஆனால் உண்மையில் ஈடு இல்லையா? ஐந்தாறு பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்களே, அது என்ன? தவணை நாளில் ஒருத்தி வரவில்லை. மற்றவர்கள் அவள் படலையில் போய் நிற்கிறார்கள். நேற்றுவரை உப்பும் புளியும் கைமாற்றிக்கொண்ட அயலவள், இன்று சேவகம் இல்லாத சேவகனாகிறாள். காணிக்குப் பதிலாக இங்கே அயலுறவு ஈடு வைக்கப்பட்டிருக்கிறது. மூழ்கிய காணியை மீட்கலாம். மூழ்கிய உறவை எந்த வங்கியில் மீட்பது?

சட்டத்தின் விந்தையையும் பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை ஈடு வைக்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தன் சொத்தைத் தானே ஆளத் தகுதியற்றவள் என்று கருதப்படும் அதே பெண், அயலவளின் கடனுக்குப் பிணை நிற்க மட்டும் முழுத் தகுதி பெற்றுவிடுகிறாள்! உரிமைக்கு அவள் சிறுபிள்ளை; பொறுப்புக்கு அவள் பெரியவள்.

வட்டிக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 100,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 124,000 ரூபாயை 52 கிழமைகளில் கட்ட வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 2,385 ரூபாய். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மை வட்டி 24 அன்று. ஏறத்தாழ 44 சதவீதம். 2018-இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். இப்படிப்பட்ட கடனைக் கட்டுபவளிடம் போய், தேநீருக்குச் சீனியைக் குறை என்று சொல்வது அறிவுரையா, பரிகாசமா?

‘இவர்கள் ஆடம்பரத்துக்கும் கடன் படுகிறார்களே’ என்று சிலர் கேட்பர். மறைக்க மாட்டோம். முதல் நன்மைக்கும் சாமத்தியச் சடங்குக்கும் அயலாரை விஞ்சப் பந்தல் போடுகிறோம். மகளுக்குக் கல்வீடும் நகையும் கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை கிடையாது என்ற கொடுமையை நாமே வளர்த்து வைத்திருக்கிறோம். இன்னும் கட்டி முடியாத வீட்டின் சுவரிலே, அடுத்த மகளின் சீதனக் கவலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. இக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதைத் திருத்த வேண்டியவர்களும் நாமே. ஆனால் பந்தலையும் சீதனத்தையும் ஒழித்துவிட்ட பிறகும், கடல் கிழமை தோறும் சம்பளம் தரப்போவதில்லை.

2022-ஆம் ஆண்டு இவ்வுண்மையை எவரும் மறுக்க முடியாதபடி காட்டிவிட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏற்றப்பட்டது. 20 லீற்றர் எண்ணெயோடு கடலுக்குப் போகும் படகுக்கு 1,740 ரூபாயாக இருந்த செலவு 6,800 ரூபாயாயிற்று. மறுமாதம், கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை முன்னைய ஆண்டைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. பின்னர் எண்ணெய் விலை இறங்கியது மெய். ஆனால் அந்த மாதங்களில் பட்ட கடன் இறங்கவில்லை. இதற்கு மேல், தமிழகத்து இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துச் செல்லும் கொடுமை வேறு. அடிமடி இழுவையை 2017-இல் இந்நாட்டுச் சட்டம் தடை செய்தது. வலை அறுபடுவது நிற்கவில்லை. அறுந்த வலைக்கும் தவணை உண்டு! எந்தக் கொப்பியின் எந்தப் பத்தியில் இந்த நட்டத்தை எழுதிச் சரிக்கட்டுவது?

அதே ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. உலகம் என்ன செய்தது? நிபுணர்கள் பறந்து வந்தனர். பேச்சுவார்த்தைகள் நடந்தன. தவணைகள் தள்ளிப்போடப்பட்டன, வட்டி குறைக்கப்பட்டது, அதற்குக் ‘கடன் மறுசீரமைப்பு’ என்ற கௌரவமான பெயரும் சூட்டப்பட்டது. கடன்பட்ட தொழில் முயற்சியாளர் குரல் எழுப்பியபோது, நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் வங்கிகளின் அதிகாரம் 2024-இல் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. இவற்றை நாம் தவறென்று சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றே: நாட்டுக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதியா? அரசு கட்ட முடியாமற் போனால் அது நெருக்கடி. பேசாலைப் பெண் கட்ட முடியாமற் போனால் அது ஒழுக்கக்கேடா?

எதுவுமே செய்யப்படவில்லை என்று நாம் கூறவில்லை. 2018-இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. அதே ஆண்டு மத்திய வங்கி, தன் கண்காணிப்புக்கு உட்பட்ட நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத வரம்பு விதித்தது. வரம்பே 35 என்றால், வரம்புக்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒருமுறை துடைத்த கண்ணீர், அழவைக்கும் காரணம் இருக்கும்வரை மீண்டும் வழியும். 2021 மார்ச் 8-ஆம் நாள், மகளிர் தினத்தன்று, பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் நுண்கடன் கொடுமைக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். வாரக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். வயற்கரையில் அவர்களை அழுத்திய தவணையும் கடற்கரையில் நம்மவரை அழுத்தும் தவணையும் ஒன்றே. கடன் மொழி பார்ப்பதில்லை; போராட்டமும் மொழி பார்க்கத் தேவையில்லை.

ஆகவே நாம் கோருவது தருமம் அன்று, நியாயமான கணக்கு. கடலில் இறங்க முடியாத மாதங்களில் தவணை நிற்க வேண்டும். பாடு நிறைந்த மாதங்களில் கூடுதலாகக் கட்ட வழி வேண்டும். உண்மை வட்டியை, கடன் வாங்குபவளின் தாய்மொழியில், கையெழுத்துக்கு முன்பே எழுதிக் காட்ட வேண்டும். ஒருத்தியின் கடனுக்கு அயலவளைப் பிணையாக்கும் முறை ஒழிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1911-இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் கண்ட நாடு இது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களும் இன்றும் உள்ளன. அரசின் மலிவான முதல் அவற்றின் வழியே மக்களிடம் வரட்டும். அங்கே கடன் கொடுப்பவனும் அதே காற்றைப் பார்த்துப் படுத்தெழும்புகிறவன். சோளகம் எழும்பிய நாளில் தவணை கேட்டு வரமாட்டான்.

வரவுக்குத் தக்க செலவு வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். கரையோரப் பெண்ணுக்கு அதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அரைக் கொத்து அரிசியில் ஐந்து வயிற்றை ஆற்றும் கணக்கு அவளுக்குத் தெரியும். வரவுக்குத் தக்க தவணை வேண்டும் என்ற பாடத்தைப் படிக்க வேண்டியவர்கள், கடன் கொடுப்பவர்களும் அவர்களுக்கு அனுமதி கொடுப்பவர்களுமே. அந்தக் கொப்பியை அவர்கள் திறக்கட்டும்.