கிணற்றுக்கு ஒரு நோட்டு: நொய்யல் கடைமடை உழவர்களின் கொள்கைப் பிரகடனம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கடைமடைக்காரர்கள் நாங்கள். ஒரத்துப்பாளையத்தில் அணை எழும்பியபோது மஞ்சளுக்கும் வாழைக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று நம்பினோம். தேங்கி நின்றது திருப்பூர்ச் சாயத்தண்ணி. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்கவே கூடாது என்று உழவரே மறித்துப் போராட வேண்டியதாயிற்று.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் மண்ணில் இறங்கிய உப்பு இறங்கியதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினால் சுமார் 1,03,000 லிட்டர். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்பு இருந்தால், அந்த ஒரே பாய்ச்சலில் வயலில் சேர்வது 216 கிலோ. உர மூட்டையை எண்ணி வாங்குகிற நாம் இதை எண்ணியதில்லை. சொட்டுநீர் போட்டால் தீரும் என்பாரும் உண்டு. தண்ணீர் மிச்சமாகும், உண்மை. ஆனால் உப்பு ஈரத்தின் விளிம்பில் வளையமாகப் படியும். ஒரு தூறல் விழுந்தால் திரும்ப வேருக்கே வரும்.

எத்தனையோ பேர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். முடிவு என்னவென்று தோட்டத்துக்காரருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இனி நாங்களே அளப்போம். கிணற்றுக்கு ஒரு நோட்டு. மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், மோட்டார் ஓடிய மணிக்கணக்கு. மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் பயிரை மாற்றியே ஆக வேண்டும்.

நோட்டை ஊர்க்கூட்டத்தில் வாசிப்போம். நிலத்தின் விலை விழுந்துவிடும் என்று சில பங்காளிகள் முணுமுணுத்தார்கள். மறைத்து விற்றால், வாங்கியவர் தென்னை வைத்துப் பத்து வருஷம் கழித்துத் தலையில் கை வைப்பார். அந்தப் பாவம் வேண்டாம்.

எங்கள் குற்றமும் நோட்டில் ஏறும். யூரியாவை வாரி இறைத்தோம்; குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் ஆகாது என்பதால் அதையும் சோதிப்போம். இலவச மின்சாரம்தானே என்று மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனவர்களும் நாங்கள்தான்.

இயக்கத்துக்குப் பெயர் வைப்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டோம். முதல் அளவீடு வரும் அமாவாசையன்று. ஏர் பூட்டாத நாள், எல்லோரும் ஊரில் இருப்போம். மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் கழித்தே தண்ணீர் பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கியது கணக்கில் சேராது.