இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

"பாட்டு நல்லா இருக்கா, கேட்டுட்டுப் போங்க. யார் வாசிச்சா என்ன?" அமெரிக்காவின் பழைய கன்ட்ரி, நாட்டுப்புற இசைத்தட்டுகளில் வாசித்த பெயரற்ற கலைஞர்களைப் பற்றிப் பேசினால் வரும் பதில் இதுதான். யார் வாசித்தாலும் ஒன்றுதான் என்றால், பாடியவர் பெயரை மட்டும் ஏன் அச்சடித்தார்கள் என்று நாங்கள் கேட்கிறோம்.

1930 ஜூலை 16, ஹாலிவுட். கன்ட்ரி இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ், விக்டர் நிறுவனத்துக்காக 'புளூ யோடல் எண் 9' பாடுகிறார். அவர் குரலுக்குப் பதில் சொல்வது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட். பியானோவில் லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங். இருவரும் கறுப்பினத்தவர். லேபிளில் இருவர் பெயரும் இல்லை. 1970இல் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லூயி அந்தப் பாட்டுக்கு மீண்டும் வாசித்தார். இடையில் 40 ஆண்டுகள். லில்லையோ இன்றும் 'லூயியின் மனைவி' என்றே பலர் சொல்கிறார்கள். அவர் தன்னளவில் பியானோ கலைஞர், இசையமைப்பாளர்.

லூயிக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு? 1927இல் சார்லட் நகரில் 'ஜார்ஜியா யெல்லோ ஹாமர்ஸ்' என்ற வெள்ளையர் குழு பதிந்த 'ஜி ராக்' இசைத்தட்டில் ஃபிடில் வாசித்தவர் ஆண்ட்ரூ பாக்ஸ்டர் என்ற கறுப்பினக் கலைஞர். லேபிளில் குழுவின் பெயர் மட்டுமே. 1924 முதல் 1932 வரை ஏறத்தாழ 50 கறுப்பினக் கலைஞர்கள் இத்தகைய தட்டுகளில் இருக்கிறார்கள் என்று வரலாற்றாய்வாளர் பேட்ரிக் ஹூபர் எழுதியிருக்கிறார்.

இது மறதி இல்லை, ஏற்பாடு. 1920களில் நிறுவனங்கள் கறுப்பினத்தவர் இசையை 'ரேஸ்' என்றும், வெள்ளைக் கிராமத்தார் இசையை 'ஹில்பில்லி' என்றும் பிரித்துத் தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றன. ஒரே அறையில் சேர்ந்து வாசித்தவர்கள் கடைக்கு வரும்போது பிரிக்கப்பட்டார்கள். ஊரும் சேரியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கன்ட்ரி என்றால் வெள்ளையர் இசை என்ற பொதுப்புத்தி இப்படித்தான் உருவாக்கப்பட்டது.

லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர் ஏ.பி. கார்ட்டருடன் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை மனத்தில் ஏந்தி வருவது ரிடில். கார்ட்டர் குடும்பம் புகழ் பெற்றது, பாட்டுகள் ஏ.பி. கார்ட்டர் பெயரில் பதிவாயின. 1965இல் மைக் சீகர் தேடிப் போய்க் கண்டுபிடிக்கும்வரை ரிடிலை வெளியுலகம் அறியவில்லை.

"அன்றைக்கே கூலி வாங்கிவிட்டார்களே" என்பார்கள். கூலி வாங்கியது அன்றைய உழைப்புக்கு. பெயரை விற்றதாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. பெயர் இருந்தால் அடுத்த வாய்ப்பு வரும், பாட்டில் பங்கு கேட்க முடியும், பேரப்பிள்ளைகள் உரிமை கோர முடியும். பெயரை எடுத்துவிட்டால் இத்தனையும் போகும்.

ஆகவே அடையாளம் காணும் வேலை பொழுதுபோக்கு ஆகாது. நிறுவனப் பதிவேடுகள், தொழிற்சங்க ஒப்பந்தங்கள், குடும்பத்தார் நினைவு, ஒரே கை வாசித்த வேறு தட்டுகள் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். சங்கங்களே நிறம் பார்த்துப் பிரிந்திருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையர் சங்கமும் கறுப்பினத்தவர் சங்கமும் 1953இல்தான் இணைந்தன. காதை மட்டும் நம்பி ஊகத்தில் பெயர் போடக் கூடாது. தவறான பெயர் போட்டால் உண்மையில் வாசித்தவரிடம் இரண்டாம் முறை திருடியதாகும்.

நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேடுகளை முழுமையாகத் திறக்க வேண்டும். மறுவெளியீடு ஒவ்வொன்றிலும் உறுதியான பெயர்களை அச்சிட வேண்டும். வாரிசுகளுக்கு ராயல்டியில் பங்கு தர வேண்டும்.

நம் வீட்டிலிருக்கும் பழைய தமிழ் சினிமாப் பாட்டுத் தட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் இருக்கும். பறையும் உறுமியும் அடித்தவர் பெயர் இருக்கிறதா? அவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே போய்க் கேட்டு எழுதி வைப்போம்.