ஐம்பது கிராம் காஸ்



போன மாதம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்திவிட்டது. பழுதுபார்க்க வந்த பாஸ், பின்பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் போட்டிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். "இது பத்துற காஸும்மா. ஜன்னலத் தொறந்து வைங்க, அடுப்பையும் அணைச்சிருங்க" என்றார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. 2021 கடைசியில் இலங்கையெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த நாட்களை எந்த அடுப்பங்கரை மறக்கும்? "பத்துற சாமானை ஏன் ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறாங்க?" என்று அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தக் காஸின் பெயர் ஐசோபியூட்டேன், ஆர் 600ஏ என்பார்கள். சமையல் காஸின் உடன்பிறப்பு. ஆனால் நம் சிலிண்டரில் இருப்பது பன்னிரண்டரை கிலோ. வீட்டு ஃபிரிட்ஜில் ஐம்பது கிராம் அளவுதான். முன்பு ஃபிரிட்ஜ்களில் ஓடிய ஆர் 12 காஸ் ஓசோனை அரித்தது. அடுத்து வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடவில்லை, பற்றவும் இல்லை. ஆனால் அதில் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். ஐசோபியூட்டேனுக்கு அதே கணக்கு மூன்று கிலோ அளவில். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மகாவலி கம்பளைக்குள் புகுந்ததைக் கண்ட நமக்கு, இந்த வித்தியாசம் வெறும் எண் அல்ல.

இப்படிச் சூடேற்றும் காஸ்களைக் குறைப்பதற்கான சர்வதேச உடன்பாடான கிகாலி திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றது. ஆர் 134ஏ உள்ளிட்ட எச்.எப்.சி. காஸ்களின் பாவனைக்கு 2024 முதல் உச்சவரம்பு. 2045க்குள் 80 வீதம் குறைக்க வேண்டும். சரியான முடிவு. எனக்குள்ள பயம் வேறு. பழைய காஸ் அரிதாகும்போது, பழைய ஃபிரிட்ஜில் சமையல் காஸை அடித்துத் தருவதாக யாராவது சொல்லக்கூடும். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்தப் பெட்டியின் சுவிட்சும் ரிலேயும் பற்றும் காஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு பொறி போதும். ஆர் 600ஏயிலோ சமையல் காஸின் அந்த வாடைகூட இல்லை. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது, காற்றைவிடக் கனமாகையால் தரையோடு தங்கும். குழாய் ஓட்டையாகிக் காஸ் கசியலாம் என்பதால், ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நம்மூர் பாஸ்மார் பலர் மூத்தவர்களின் பக்கத்தில் நின்று கைப்பழக்கமாகக் கற்றவர்கள். பழைய காஸில் கண்ணளவு போதுமாக இருந்தது. இப்போது குழாயை ஒட்டும் முன் மிச்சக் காஸை வெளியேற்றி நைதரசன் விட வேண்டும், புதுக் காஸைக் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். சுற்றாடல் அமைச்சின் தேசிய ஓசோன் பிரிவு இதற்கான பயிற்சியைத் தமிழில், கம்பளையிலேயே நடத்த வேண்டுமென்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்கிறேன். ஒரு நாள் வேலையை விட்டு வரும் பாஸுக்கு அன்றைய கூலியையும் சேர்த்துத் தந்தால் நல்லது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்தார். அளவு நிரம்பியதும் வால்வை மூடினார். அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்த பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்