கம்பெனி மூடி 30 வருஷம். கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது!

பழைய விளையாட்டுகளைக் காப்பாற்றுவது யார்?

இரண்டு விளையாட்டுகளின் கதை இது.

முதல் விளையாட்டின் பெயர் "இம்பாசிபிள் மிஷன்". 1984-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. கம்ப்யூட்டர் மனிதக் குரலில் பேசி விளையாடுகிறவனை மிரட்டும். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். அதை விற்ற கம்பெனியும் அதே வடிவில் இன்று இல்லை. அது ஓடிய கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியும் திவாலாகிவிட்டது. ஆனாலும் விளையாட்டு இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது விளையாட்டு "தி க்ரூ". கார் பந்தய விளையாட்டு. பிரான்சு நாட்டின் யூபிசாப்ட் கம்பெனி 2014-ம் ஆண்டு வெளியிட்டது. அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது. ஆனால் 2024 மார்ச் 31-ந் தேதி அந்த விளையாட்டை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்!

பத்து வயது ஆகாத விளையாட்டு நின்றுவிட்டது. 40 வயது விளையாட்டு நிற்கவில்லை. காரணம் என்ன?

டைப்ரைட்டர் கடையில் பிறந்தது

இம்பாசிபிள் மிஷன் ஓடிய கம்ப்யூட்டரின் பெயர் "கமடோர் 64".

இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஜாக் டிராமியெல். போலந்து நாட்டில் 1928-ல் பிறந்த யூதர். சிறு வயதில் நாஜிகளின் வதை முகாமில் அடைபட்டு, உயிர் தப்பியவர். பிறகு அமெரிக்காவுக்குப் போனார். டைப்ரைட்டர் ரிப்பேர் செய்து பிழைத்தார். டைப்ரைட்டர் வியாபாரம் கணக்குப் போடும் இயந்திர வியாபாரம் ஆயிற்று. அது கம்ப்யூட்டர் வியாபாரமாக வளர்ந்தது.

பணக்காரர்களுக்கு மட்டும் அல்ல, சாதாரண மக்களுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1976-ல் "சிப்" செய்யும் தொழிற்சாலை ஒன்றையே கமடோர் விலைக்கு வாங்கியது. முக்கியமான பாகங்களைச் சொந்தமாகவே செய்ததால் செலவு குறைந்தது.

1982-ல் கமடோர் 64 கடைக்கு வந்தபோது விலை 595 டாலர். அடுத்த ஆண்டே 200 டாலர் அளவுக்கு இறங்கியது. பொம்மைக் கடைகளில்கூட விற்றார்கள். வியாபாரம் சக்கைப்போடு போட்டது! விற்றவை ஒரு கோடியே 25 லட்சம் என்று சிலர் சொல்கிறார்கள்; ஒரு கோடியே 70 லட்சம் என்று வேறு சிலர் கணக்குச் சொல்கிறார்கள்.

டெலிவிஷனில் மாட்டினால் போதும்

பெயரில் உள்ள 64 எதைக் குறிக்கிறது? அதன் ஞாபக சக்தியை. மொத்தம் 65 ஆயிரத்து 536 எழுத்துகளை அதில் வைக்கலாம். அவ்வளவுதான். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூட அந்த இடம் போதாது.

பார்ப்பதற்கு வெறும் டைப்ரைட்டர் பலகை போல இருக்கும். வீட்டு டெலிவிஷனில் மாட்ட வேண்டும். சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை தோன்றும். "தயார்" என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வரும். உத்தரவுக்காக இயந்திரம் காத்து நிற்கும்.

ஐரோப்பாவில் பலர் விளையாட்டுகளைக் கேசட்டில் வாங்கினார்கள். சினிமாப் பாட்டு கேட்பதற்கு இருந்ததே, அதே மாதிரிக் கேசட்தான். கேசட் சுற்றி முடியப் பல நிமிஷம் ஆகும். பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பத்திரிகைகளில் புரோகிராம்கள் அச்சாகும். அவற்றை வரி வரியாகத் தட்டி ஓட்டுவார்கள். ஓர் எழுத்து தப்பினாலும் ஓடாது. தப்பைத் தேடித் தேடியே பல பிள்ளைகள் கம்ப்யூட்டர் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள்.

கமடோர் கம்பெனி 1994-ல் திவால் ஆயிற்று. கமடோர் 64 தயாரிப்பும் அத்தோடு முடிந்தது.

கம்பெனியின் கதை முடிந்தது. கம்ப்யூட்டரின் கதை முடியவில்லை!

இன்று எப்படி விளையாடுகிறார்கள்?

இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழைய கம்ப்யூட்டரையே ரிப்பேர் செய்து ஓட்டுவது. இதில் எச்சரிக்கை வேண்டும். பழைய கமடோரின் மின்சாரப் பெட்டி கெட்டுப்போனால் அளவுக்கு மேல் மின்சாரத்தை அனுப்பி, உள்ளே இருக்கும் சிப்புகளைக் கருக்கிவிடும். ஆகையால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் அந்தப் பெட்டியைத்தான் மாற்றுவார்கள். கேசட்டுக்கும் பிளாப்பி தட்டுக்கும் பதிலாக, நகம் அளவு மெமரி கார்டு ஒன்றை மாட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அந்த ஒரு கார்டில் அடங்கிவிடும்.

இரண்டாவது வழி "எமுலேட்டர்". நாடகத்தில் நடிகர் ராஜா வேஷம் போடுகிறார் அல்லவா? அதுபோல இன்றைய கம்ப்யூட்டர் பழைய கமடோர் வேஷம் போடுகிறது. அந்த வேஷத்தைப் போட வைக்கும் புரோகிராம்தான் எமுலேட்டர். "வைஸ்" என்ற எமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து பல வருஷமாக அதை வளர்த்து வருகிறார்கள்.

மூன்றாவது வழி, பழைய உருவத்தில் வரும் புதிய இயந்திரம். 2018-ல் சிறிய பொம்மை அளவில் ஒன்று விற்பனைக்கு வந்தது. 2025-ல் கமடோர் ரசிகர் ஒருவர் தலைமையில் ஒரு குழு, அந்தக் கம்பெனிப் பெயரை வாங்க ஒப்பந்தம் செய்தது. அதே பழுப்பு நிற உருவத்தில் புதிய கமடோர் 64 வரும் என்றும் அறிவித்தது.

பழைய விளையாட்டுகளோடு விஷயம் நிற்கவில்லை. புதிய விளையாட்டுகளும் வருகின்றன. 2017-ல் வந்த "சாம்ஸ் ஜர்னி" அவற்றில் புகழ் பெற்றது. அந்தக் கம்ப்யூட்டருக்காக அமைக்கப்பட்ட இசைத் துண்டுகளை ரசிகர்கள் சேகரித்து வருகிறார்கள். இதுவரை சேர்ந்தவை 50 ஆயிரத்துக்கும் மேல்!

காப்பாற்றியது யார்?

இங்கேதான் சங்கடமான கேள்வி வருகிறது.

கேசட்டுக்கும் பிளாப்பிக்கும் ஆயுசு குறைவு. காந்தப் பூச்சு நாளடைவில் உதிரும், பூஞ்சை பிடிக்கும். வேறு இடத்துக்கு நகல் எடுத்து வைத்தால்தான் விளையாட்டு பிழைக்கும். நகல் எடுத்தது யார்? கம்பெனிகள் அல்ல, பெரும்பாலும் ரசிகர்கள்தான்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் பூட்டை உடைத்துத் திருட்டு நகல் எடுத்தார்கள். விளையாட்டை எழுதியவர்களுக்கு அதனால் நஷ்டம். அது தப்புத்தான். ஆனால் அப்படி எடுத்த நகல்தான் சில விளையாட்டுகளுக்கு இன்று மிஞ்சி நிற்கிறது!

கடையில் வாங்கலாமே என்று கேட்கலாம். கிடைத்தால் வாங்கலாம். அமெரிக்காவில் "வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்" என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 100-க்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அது கூறியது. கமடோர் 64 விளையாட்டுகளில் 100-க்கு 5 கூடக் கிடைக்கவில்லை.

நூல் நிலையங்கள் இந்தப் பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கக் கொடுக்கலாமா? அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்று சொல்லி வாங்கி வெறுமனே விளையாடுவார்கள். பழைய விளையாட்டுகளை மறுபடி விற்கும் வியாபாரம் கெடும் என்பது விளையாட்டுக் கம்பெனிகளின் வாதம். நேரில் வந்து பார்ப்பதற்குத் தடை இல்லை.

சொந்த வீடா? வாடகை வீடா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இம்பாசிபிள் மிஷன் ஏன் ஓடுகிறது? தி க்ரூ ஏன் நின்றது?

பழைய விளையாட்டு முழுவதும் வாங்கியவர் கையில் இருந்தது. கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். அது சொந்த வீடு போன்றது.

தி க்ரூ அப்படி அல்ல. ஒவ்வொரு முறையும் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு தொடர்பு கொண்டால்தான் ஓடும். அங்கே சுவிட்சை அணைத்தால் இங்கே இருட்டு. அது வாடகை வீடு. ஆனால் வாங்கியவர்களில் பலர் சொந்த வீடு என்று நினைத்துத்தான் காசு கொடுத்தார்கள்.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆட்கள் குறைந்துபோன விளையாட்டுக்காக என்றென்றும் இயந்திரங்களை ஓட்டினால் செலவு ஆகும். இதை மறுக்க முடியாது.

ஆனால் விளையாடுகிறவர்கள் கேட்பது அது அல்ல. "நிறுத்துங்கள், நிறுத்தும்போது, நாங்களே ஓட்டிக்கொள்ள வழி செய்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். இந்தக் கோரிக்கைக்கு ஐரோப்பாவில் கையெழுத்து வேட்டை நடந்தது. 2025 ஜூலையில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் ஐரோப்பியக் கமிஷன் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. விற்கப்படுவது உபயோகிக்கும் அனுமதி மட்டும் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று போடக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். வாடகை வீட்டுக்கு வாடகை என்றே பலகை மாட்டு என்பதுதான் இதன் சாரம்.

தி க்ரூவின் கதையும் இன்னும் முடியவில்லை. 2025-ல் சில ரசிகர்கள் தாங்களே மாற்று ஏற்பாடு செய்து அதை மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். கமடோருக்கு நடந்ததே இங்கும் நடந்தது. விற்றவர் கைவிட்டார், விளையாடியவர் கைகொடுத்தார்.

ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இப்படி ரசிகர்கள் வாய்ப்பார்களா? வாய்க்காத விளையாட்டு போனது போனதுதான். ரசிகர்களின் பிரியத்தை நம்பி மட்டும் ஒரு காலத்தின் உழைப்பை விட்டுவைக்கலாமா? சட்டம் செய்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

குடும்பத்தார் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டோ புரோகிராமோ வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இது ஓடுமா?"

ஓடும் என்றால் அது பெரும்பாலும் உங்கள் பொருள். ஓடாது என்றால், வாடகை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள்.