'ஒரு மாதிரி' ஆளுங்களும் சான் ஹுவான் சேஃப் ஏரியாவும்

நவம்பர் பொறந்தா போதும். எங்க ஆபீஸ் தமிழ் ஆளுங்க வாட்ஸப் குழுவுல வருஷம் தவறாம ஒரு கேள்வி வந்துடும். "கிறிஸ்துமஸ் லீவுக்குப் போர்ட்டோ ரிக்கோ போறோம். சான் ஹுவான்ல தங்குறதுக்கு எந்த ஏரியா சேஃப்?"

ஏன் போர்ட்டோ ரிக்கோன்னு அமெரிக்காவுல ஆணி புடுங்குற மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக: அது கரீபியன் தீவு, ஆனா 1898-ல ஸ்பெயின்கிட்டேர்ந்து அமெரிக்கா கைக்கு வந்தது. எச்1பி ஆசாமிக்குத் தனி விசா வேண்டாம், உள்ளூர் ஃப்ளைட்டு மாதிரி ஏறி இறங்கிடலாம். பாஸ்போர்ட்ல இருக்குற ஸ்டாம்ப் காலாவதியாகி, ஊர்ல கல்யாணத்துக்குப் போகவே பயந்துகிட்டு உக்காந்திருக்குற நம்ம சனத்துக்குத் தென்னை மரமும் நீலக்கடலும் பார்க்க இது ஒரு சுளுவான வழி. அதான் இவ்ளோ கூட்டம்.

கேள்வியில தப்பே இல்ல. குடும்பத்தோட போறவன் கேக்கத்தான் செய்வான். வர்ற பதில்தான் எனக்கு எரிச்சல். போன வருஷம் வந்ததை அப்படியே தர்றேன்: "ஈஸ்லா வெர்டே, இல்லன்னா கொண்டாடோ. ரெண்டும் சேஃப். சாந்தூர்சே சுமார். பாலம் தாண்டி பின்யோனெஸ், லோயிசா பக்கம் வண்டியத் திருப்பவே திருப்பாதீங்க." ஏன்னு ஒருத்தர் கேட்டார். பதில் ரெண்டே வார்த்தை. "ஆளுங்க ஒரு மாதிரி."

இந்த 'ஒரு மாதிரி'ங்கிறது நம்ம பாஷையில ரொம்ப வசதியான சொல் மக்களே. சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். கேட்டவருக்கும் புரிஞ்சிடும், பிடிபட்டா "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு நழுவிக்கலாம். அந்தப் பதிலைப் போட்டவர் பின்யோனெஸ் போனதே இல்ல. தனியா கேட்டப்ப விஷயம் வெளில வந்துச்சு: "அங்க எல்லாம் கறுப்பர்கள்தானே இருக்காங்க?" ஆமா, இருக்காங்க. அதனால? நாம கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை நாளாச்சு?

லோயிசாவுல ஏன் கறுப்பர்கள் அதிகம்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தாக்கூட இந்தப் பேச்சு வராது. ஸ்பெயின்காரன் காலத்துல கரும்புத் தோட்டத்துக்குப் பிடிச்சு வந்த ஆப்பிரிக்க அடிமைகளோட வாரிசுகள். அந்தத் தீவுல அடிமை முறையை ஒழிச்சது 1873 மார்ச் 22-ல. 'பொம்பா'ன்னு ஒரு மேளமும் ஆட்டமும் இருக்கு, அதை உயிரோட வெச்சிருக்குற ஊர்கள்ல லோயிசாதான் முதல்ல நினைவுக்கு வரும். ஆட்டக்காரருக்கு மேளக்காரர் தாளம் கொடுக்கறது இல்ல, ஆட்டக்காரரோட உடம்பைப் பார்த்து மேளக்காரர் அடிக்கணும். ஜூலையில சந்தியாகோ திருவிழாவுக்குத் தேங்காய் மட்டையைச் செதுக்கிக் கொம்பு வெச்ச முகமூடி செய்வாங்க. 'கல்ச்சர்' பார்க்கப் போறேன்னு டிக்கெட் போட்டுட்டு, அந்தக் கல்ச்சரோட பொறந்த வீட்டை மட்டும் மேப்புல சிவப்பா வட்டம் போட்டு வெச்சிருக்கோம்.

அவர் 'சுமார்'னு மார்க் போட்ட சாந்தூர்சே கதை இன்னும் சுவாரசியம். அதோட பழைய பேர் சான் மதேயோ தே காங்க்ரெஹோஸ். பக்கத்துத் தீவுகள்ல வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடி வந்த அடிமைகளை ஸ்பெயின்காரன் சுதந்திரமா குடியேற விட்ட இடம். (கருணைன்னு நினைச்சுக்காதீங்க, எதிரியோட அடிமை ஓடிவந்தா எதிரிக்குத்தானே நஷ்டம்.) 1797-ல பிரிட்டிஷ்காரன் படையெடுத்து வந்தப்ப ஊரைக் காப்பாத்த நின்னவங்கள்ல இந்தக் காங்க்ரெஹோஸ் கறுப்பர் படையும் உண்டு. அவங்க காவல் காத்த ஊருக்குள்ள போய் நின்னுகிட்டு நாம கேக்குறோம், எந்த ஏரியா சேஃப்புன்னு.

பழைய சான் ஹுவான் எல்லாருக்கும் பிடிச்ச இடம். நீலம் ஓடுற கல் பாவிய தெரு, கலர் கலரா வீடு, எல் மோர்ரோ கோட்டை, சான் கிறிஸ்தோபால் கோட்டை. அந்த மதில் மேல நின்னு வடக்கே கடலைப் பார்த்தா கீழ ஒட்டின மாதிரி ஒரு குடியிருப்பு தெரியும், லா பெர்லா. 2017-ல உலகத்தையே ஆட்டி வெச்ச 'டெஸ்பாசீத்தோ' பாட்டை அங்கதான் படம் பிடிச்சாங்க. அந்தக் குடியிருப்பு ஏன் மதிலுக்கு வெளிய இருக்கு? கசாப்புக்கூடம், சுடுகாடு, விடுதலையான அடிமைகள், வெள்ளையர் அல்லாத வேலைக்காரர்கள் எல்லாம் ஊருக்கு வெளிய இருக்கணும்கிறது அந்தக் காலத்துச் சட்டம். இதை வேற எந்த ஊர்க்காரனுக்காவது பத்து வரி எழுதி விளக்கணும். ஊர், சேரின்னு ரெண்டு சொல் வெச்சிருக்குற நமக்கு என்னத்தை விளக்குறது? அந்தப் பக்கம் போகாதேன்னு ஸ்பெயின்காரன் போட்ட கோட்டை, மெனக்கெட்டு அழிச்சு அழிச்சு நாம மறுபடி போட்டுகிட்டு இருக்கோம்.

சரி, குற்றமே இல்லாத சொர்க்கம்னு நான் கதை விட வரல. போர்ட்டோ ரிக்கோவுல கொலை விகிதம் அமெரிக்க சராசரியை விட அதிகம், பெரும்பாலும் போதைமருந்து கோஷ்டிச் சண்டை. லா பெர்லாவுலயே 2023 பிப்ரவரியில, படம் எடுக்காதீங்கன்னு சொன்ன பிறகு நடந்த தகராறுல மூணு அமெரிக்க டூரிஸ்டுகளுக்குக் கத்திக்குத்து. 2025 ஆகஸ்டுல ராத்திரி நேரத்துல நடந்த துப்பாக்கிச் சூட்டுல, சம்பந்தமே இல்லாத வெளியூர் இளைஞர் ஒருத்தர் செத்துப் போனார். அதனால ராத்திரி ரெண்டு மணிக்குக் குடிச்சுட்டு லா பெர்லாவுல செல்ஃபி எடுக்கப் போகாதீங்கன்னு நானும்தான் சொல்வேன். அது ஒரு குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட காரணம். 'ஆளுங்க ஒரு மாதிரி'ங்கிறது அப்படியா? பட்டப்பகல்ல பின்யோனெஸ் கடையில பலகாரம் திங்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு கூத்து. 'சேஃப்'னு சான்றிதழ் கொடுத்த கொண்டாடோவுல நிஜமாவே ஆபத்தான ஒண்ணு இருக்கு, கடல். தீவோட வடக்குக் கரை முழுக்க அட்லாண்டிக். கரையில நின்னு பார்த்தா சாதுவா இருக்கும், உள்ள ஆளை இழுத்துட்டுப் போற நீரோட்டம். கொண்டாடோ, ஓஷன் பார்க் கரையில நீந்தத் தெரிஞ்சவங்களே போயிருக்காங்க. சிவப்புக் கொடி பறந்தா கணுக்காலுக்கு மேல தண்ணி படக்கூடாது. குழந்தைகளோட குளிக்கணும்னா புவெர்தா தே தியெர்ரா பக்கம் எஸ்காம்ப்ரோன் கடற்கரைக்குப் போங்க, பாறை அரண் மாதிரி நின்னு அலையைத் தடுக்கும். எங்க குழுவுல ஒருத்தர்கூட இதைச் சொல்லல. ஆள் நிறத்தைப் பார்த்துப் பயப்படத் தெரிஞ்ச அளவுக்கு அலையைப் பார்த்துப் பயப்படத் தெரியல. நாமெல்லாம் மெரினாவைப் பார்த்து வளர்ந்தவங்க வேற!

நானும் தங்கமணியும் அஞ்சு நாள் ஓஷன் பார்க்ல ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல இருந்தோம். வீட்டுக்காரம்மா கீழயே குடியிருக்காங்க, மேல ஆறே ரூம். ரெண்டாம் நாள் பின்யோனெஸ் போனோம். ஈஸ்லா வெர்டே தாண்டி, ஏர்போர்ட் தாண்டி, ஒரு பாலம், அவ்ளோதான். கடலோரமா வரிசையா விறகடுப்புக் கடை. வாழைக்காயையும் ஒரு கிழங்கையும் துருவி, உள்ள நண்டோ கறியோ வெச்சுப் பொரிக்கிற அல்காபுர்ரியா. தட்டு அகலத்துக்குக் கருவாட்டு மீனைப் போட்டுச் சுடுற பகலாயீத்தோ, பார்க்க நம்ம ஊர் பெரிய அப்பளம் மாதிரி. சைவம்னு ஒரு பொண்ணு வரிசையில முழிச்சுகிட்டு நின்னப்ப, கடைக்காரம்மா தானாவே வாழைக்காய் வறுவல் போட்டுக் கொடுத்தாங்க. (சைவக்காரங்க கவனிக்க: சோறும் பீன்ஸும் எல்லா இடத்துலயும் கிடைக்கும், ஆனா பீன்ஸுக்குள்ள பன்றிக்கறி ஒளிஞ்சிருக்கும். 'சின் ஹமோன்'னு சொல்லிப் பழகிக்குங்க.)

இதுவரைக்கும் படிச்சுட்டு, "சூப்பர் தல, நாங்க அப்படி இல்ல, லோக்கல் ஆளுங்களோட லோக்கலாவே தங்குவோம், சாந்தூர்சேல ஒரு முழு அபார்ட்மெண்ட் பிடிச்சாச்சு"ன்னு ஒரு கோஷ்டி கை தட்டுமே, உங்களுக்கும் இருக்கு கச்சேரி.

கால்யே லோயிசா தெருவை ஒட்டின சந்துகள்ல நடந்தீங்கன்னா கம்பிக் கேட்டுல வரிசையா நம்பர் பூட்டு போட்ட குட்டிச் சாவிப் பெட்டி தொங்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு. ஒரு காலத்துல யாரோ குடும்பமா இருந்த வீடு, இப்ப நாலு ராத்திரிக்கு நம்மள மாதிரி ஆளுக்கு. நீங்க 'லோக்கல்' மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட்டதுக்கு லோக்கல் ஆளு காலி பண்ணிட்டுப் போயிருக்கார். துறைமுகத் தொழிலாளிகள் இருந்த புவெர்தா தே தியெர்ராவுலயும் இதே கதைதான்.

இது தானா நடந்ததும் இல்ல. 2012-ல சட்டம் 22-ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. வெளியிலேர்ந்து தீவுக்குக் குடிமாறி வர்ற பணக்காரருக்கு, வந்த பிறகு ஏறுற முதலீட்டு லாபத்துக்கு வரி கிடையாது. அங்கயே பொறந்து அங்கயே வாழ்ந்தவருக்கு அந்தச் சலுகை இல்ல! 2019-ல அதைச் சட்டம் 60-க்குள்ள சேர்த்தாங்க. நடுவுல 2017 செப்டம்பர் 20-ல மரியா புயல். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் செத்ததா அரசே பிறகு ஒத்துகிட்டது, கடைசி வீட்டுக்குக் கரண்ட் வர ஏறக்குறைய 11 மாசம். 2010-ல 37 லட்சமா இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்புல 33 லட்சம். சனம் கெளம்பிப் போகப் போக வீடு சல்லிசா கிடைச்சது, வாங்கினவன் டூரிஸ்டுக்கு விட்டான், இருந்தவனுக்கு வாடகை எகிறிடுச்சு. பேட் பன்னி 2022-ல 'எல் அபகோன்' பாட்டு வீடியோவோட பின்பாதியில, வீட்டை விட்டு வெளியேத்தப்பட்டவங்களைப் பத்தின செய்திப்படத்தையே சேர்த்து விட்டாரு. பாட்டை மட்டும் கேட்டு ஆடுற நம்ம பசங்க அதையும் ஒரு தடவை பார்க்கணும்.

வாடகை ஏறி வீடு காலி பண்றது நமக்குத் தெரியாத வலியா? ஐடி காரன் வந்தான், வாடகை ஏறிப்போச்சுன்னு சென்னையில நம்மளத் திட்டாத தெரு உண்டா? அங்கயாவது பொழைக்கப் போனோம். இங்க நாலு நாள் கால் நீட்டப் போறோம்.

அப்ப எங்கதான்யா தங்கறது? என் கணக்கு ரொம்ப எளிசு. குழந்தை குட்டியோட போறீங்களா, ஈஸ்லா வெர்டேலயோ கொண்டாடோலயோ ஹோட்டல்லயே தங்குங்க. ஹோட்டல் ரூம்ல யாரும் குடியிருந்து காலி பண்ணிட்டுப் போகல. ரிசார்ட்டுங்கிறதுக்காக நான் திட்ட மாட்டேன். தங்கிட்டுப் பாலம் தாண்டாம திரும்பி வந்து 'போர்ட்டோ ரிக்கோ பார்த்துட்டேன்'னு சொன்னாத்தான் திட்டுவேன். ரெண்டு பேர் மட்டும்னா ஓஷன் பார்க், மிராமார், பழைய ஊர் இங்கெல்லாம் சின்ன ஹோட்டல், வீட்டுக்காரங்களே நடத்துற கெஸ்ட் ஹவுஸ் பாருங்க. புக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சாவி யார் கையில வாங்கணும்?" மனுஷன் கையிலன்னா சரி. பெட்டியிலன்னா வேற இடம் பாருங்க.

பழைய சான் ஹுவான்ல தங்கினா முதல் ரெண்டு நாளுக்கு வாடகைக் கார் எடுக்காதீங்க, நிறுத்த இடம் தேடியே லீவு முடிஞ்சிடும். ட்ரென் உர்பானோன்னு மெட்ரோ ரயில் இருக்கேன்னு மேப்பைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது பாயமோன்ல கெளம்பி சாந்தூர்சே வரைக்கும்தான் வரும். ஏர்போர்ட்டுக்கும் போகாது, பழைய ஊருக்கும் போகாது. கடற்கரை ஓட்டல் எதையும் தொடாம ஒரு ரயில் விட்டிருக்காங்க, எந்தப் புண்ணியவான் திட்டம் போட்டாரோ. அப்புறம், அங்க கடற்கரை சட்டப்படி பொதுச்சொத்து. நாற்காலியும் குடையும் ஓட்டலோடது, மணல் எல்லாருக்கும். நீங்க ரிசார்ட்ல தங்கியிருக்கும்போது உள்ளூர்க் குடும்பம் ஒண்ணு பக்கத்துல வந்து ஐஸ்பெட்டியைத் திறந்து பாட்டைப் போட்டா, செக்யூரிட்டியைக் கூப்பிடாதீங்க. அது அவங்க கடல்.

குழுவுல இதுல பாதியைச் சொன்னதுக்கே "நீ ரொம்பப் பேசற, குடும்பத்தோட போறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்"னு பதில் வந்துச்சு. லோயிசாவுலயும் எல்லாரும் குடும்பமாத்தான் இருக்காங்கன்னு போட்டேன். அதுக்கப்புறம் குழுவுல யாரும் பேசல. யாரோ பொங்கல் வாழ்த்து ஸ்டிக்கர் போட்டாங்க, டிசம்பர்ல :-)

டிஸ்கி: திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல பெட்டியை விவசாயத்துறை ஸ்கேன் பண்ணித்தான் உள்ள விடுவாங்க. மாம்பழ ஆசையில ரெண்டைத் துணிக்குள்ள சுருட்டி வெக்க வேண்டாம், அங்கயே தின்னுட்டு வாங்க. பாஸ்போர்ட்டையும் ஐ-797 தாளையும் கைப்பையில வெச்சுக்குங்க. உள்நாட்டு ஃப்ளைட்தான், ஆனா நம்ம மூஞ்சியைப் பார்த்தா அவங்களுக்கும் 'ஒரு மாதிரி' தோணலாம்.