பாஷாணமே மருந்தான கதை!

கொசு கடிச்சாலே ஊரைக் கூட்டுற ஆளுங்க நாம. ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈ கடிச்சா, ஒட்டுண்ணி ரத்தம் வழியா மூளைக்கே போய் உட்கார்ந்துடும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, கடைசியில் மரணம்!

இதுக்கு 1949-ல் வந்த மருந்து மெலார்சோப்ரால். உள்ளே இருப்பது ஆர்சனிக்... அதாங்க, பாஷாணம்! ஊசி போட்டவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு மூளை பாதித்து வலிப்பு, கோமா. அதில் சுமார் பாதிப் பேர் பிழைக்கவில்லை. போடலைன்னாலும் சாவுதான். டாக்டர் என்ன செய்வார்?

2018-ல் காங்கோவில் ஃபெக்ஸினிடசோல் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. பத்து நாள் முழுங்கணும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரலாம். ஆனா பாஷாணம் இல்லை. கொடுமை என்னன்னா, இது 1980-களிலேயே கிடப்பில் போடப்பட்ட மருந்து. 2005-ல்தான் தூசி தட்டி எடுத்தாங்க. ஏழைங்க வியாதியில் லாபம் ஏது பாஸ்?